கலைச்சொல் வேண்டும்: தோற்காத பருவம், எல்லாவற்றிலும் வென்ற பருவம்

ந. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிறுவர் விளையாட்டுக் களஞ்சியம் ஒன்றின் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு பதிவில் சொல் முட்டுகிறது. வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்விக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, ‘ஆர்மி’. பயிற்றுநர் ரெட் பிளெய்க்கின் காலத்தில் ஆறு பருவங்களில் அது ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 1944, 1945, 1949 ஆகிய மூன்றிலும் 9 ஆட்டம், 9 வெற்றி. 1946-இல் 9 வெற்றி, 1 சமன். 1948-இலும் 1958-இலும் 8 வெற்றி, 1 சமன்.

ஆறையும் மூலம் ‘அன்டிஃபீட்டட் சீசன்’ என்கிறது. முழுக்க வென்ற மூன்றுக்கு மட்டும் ‘பெர்ஃபெக்ட் சீசன்’ என்ற பெயரும் தருகிறது. ஆக, இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குள் அடங்க வேண்டும். அட்டவணைத் தலைப்பிலும் வருவதால் நீளமும் கூடாது. இருவர் ஒப்புக்கொண்டாலே போட்டுவிடுவேன்.

இ. எழுதியது:

‘தோல்வியறியாப் பருவம்’, ‘முழுவெற்றிப் பருவம்’. பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். விளையாட்டுப் பக்கங்களில் ‘தோல்வியே காணாத அணி’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள், அதைத்தான் சுருக்கியிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து அட்டவணையில் இருக்கிறது. அமெரிக்க வழக்கில் 9-0-1 என்றால் வெற்றி, தோல்வி, சமன். நம் வாசகர்களுக்குப் பழகிய உலகக் கால்பந்துப் பட்டியலில் வரிசை வெற்றி, சமன், தோல்வி. தலைப்பில்லாமல் 9-0-1 என்று அச்சிட்டால், 1946-ஆம் ஆண்டு அணி ஓர் ஆட்டத்தில் தோற்றதாகப் பிள்ளைகள் படிப்பார்கள். சொல் எதுவானாலும் சரி, வெ-தோ-ச என்று முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

செ. எழுதியது:

‘தோல்வியறியா’ என்பது சுற்றிவளைப்பு. நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது: தோலா. தோல் என்னும் வினையடியிலிருந்து தோற்றான், தோற்பான். எதிர்மறையில் தோலான், தோலா. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். சூளாமணி பாடியவரின் பெயரே தோலாமொழித்தேவர். தோல்வியில்லாத மொழியை உடையவர் என்பதற்கு அவர் பெயரில் இரண்டு எழுத்து போதுமாக இருந்திருக்கிறது. ‘தோலாப் பருவம்’ என்று வைத்தால் தலைப்பிலும் இடம் மிச்சம்.

பழந்தமிழில் தொலைதல் என்பதற்கும் தோற்றல் என்ற பொருள் உண்டு. தொலை, தோல் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை என்பது என் எண்ணம். ஆற்றல் தொலைந்தவன் தோற்றவன். ‘தொலையாப் பருவம்’ என்றாலும் பிழையில்லை.

இ. எழுதியது:

ஐயா, இலக்கணம் சரி. பிள்ளையின் கண்ணுக்கு ‘தோலா’ எப்படித் தெரியும்? உடம்பின் தோல் ஒரு பக்கம், தங்கம் நிறுக்கும் தோலா இன்னொரு பக்கம். ‘தொலையாப் பருவம்’ இன்னும் மோசம். தீராமல் இழுத்துக்கொண்டே போகும் பருவம் என்றுதான் படும். தோலாமொழித்தேவர் பெயரிலும் உரையாசிரியர் பொருள் சொன்னால்தான் இன்று விளங்குகிறது.

க. எழுதியது:

புறத்திணை முழுக்கப் போரும் வெற்றியும். அதிலிருந்து எடுக்காமல் எங்கே தேடுகிறோம்? இராணுவக் கல்விக்கழக அணிக்கு ‘வாகைப் பருவம்’ என்பதைவிடப் பொருந்தும் பெயர் ஏது?

அந்த அணியின் இரு ஓட்டக்காரர்களுக்கும் நம் திணைப் பெயர்களே இருக்கின்றன. டாக் பிளாஞ்சர்ட் நடுவே இடித்துப் புகுந்து ஓடுவார். அவரை ‘மிஸ்டர் இன்சைடு’ என்றார்கள். கிளென் டேவிஸ் ஓரமாகச் சுற்றி ஓடுவார். அவர் ‘மிஸ்டர் அவுட்சைடு’. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது 1945-இல் பிளாஞ்சர்டுக்கும் 1946-இல் டேவிஸுக்கும் கிடைத்தது. அகத்தார், புறத்தார் என்று எழுதுங்கள்.

ந. எழுதியது:

‘வாகை’ 1946-இல் உடைகிறது. அந்த ஆண்டு நவம்பர் 9 அன்று யாங்கி மைதானத்தில் ஆர்மியும் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியும் மோதி 0-0. ஆர்மி 1944-இல் 59-0, 1945-இல் 48-0 என்று சாய்த்த அதே அணிதான். நடுவில் பிளந்துகொண்டு ஓடிய பிளாஞ்சர்டைக் கடைசி ஆளாக நின்ற ஜானி லூஜாக் காலைப் பிடித்து வீழ்த்தினார். ஆர்மிக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு அங்கே போயிற்று. பருவ முடிவில் இரண்டு அணிகளும் தோற்கவில்லை. ஆனால் செய்தியாளர்கள் வாக்களித்து அணிகளை வரிசைப்படுத்தும் ஏபி வாக்கெடுப்பில் நோட்டர் டேம் முதலிடம், ஆர்மி இரண்டாமிடம். வாகை சூடினார்கள் என்றால் பட்டம் வென்றார்கள் என்றே தமிழில் பொருள். பட்டமில்லாத பருவத்துக்கு அதைச் சூட்ட முடியாது.

அகத்தார், புறத்தார் அழகுதான். ஆனால் ‘அகத்தார்’ என்றால் வீட்டுக்காரர் என்று படுமே. ‘நடுப்புயல், ஓரப்புயல்’ என்று எழுதிவிட்டேன்.

ப. எழுதியது:

இரண்டு சொல் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1944 முதல் 1946 நவம்பர் வரை ஆர்மி தொடர்ந்து வென்றது 25 ஆட்டம். தோற்காமல் போனதோ 32 ஆட்டம்; 1947 அக்டோபர் 25 அன்று கொலம்பியா பல்கலைக்கழக அணி 21-20 என்று வென்றபோதுதான் அது நின்றது. இடையில் நோட்டர் டேமுடனும் இல்லினாய் பல்கலைக்கழக அணியுடனும் 0-0. ‘வெற்றித்தொடர் 32’ என்று ஒரு கை தவறி எழுதினால் வரலாறே பிழை.

எதிர்ச்சொல்லும் சேர்த்தே யோசியுங்கள். 1948-இல் ஆர்மியோடு 21-21 சமன் செய்த கடற்படைக் கல்விக்கழக அணி, அந்தப் பருவத்தில் ஒரு வெற்றியும் பெறவில்லை: 0-8-1. ஒரே ஆட்டத்தில் தோல்வியறியா அணியும் வெற்றியறியா அணியும். ‘அறியா’ இரண்டுக்கும் ஒட்டுகிறது. ‘தோலா’வுக்கு இணையாக ‘வெல்லா’ வைத்தால் வெல்லப்பாகுதான் நினைவுக்கு வரும்.

என் வழக்கு ‘பருவம்’ பற்றியது. ஈழத்தில் ‘பருவகாலம்’ என்று எழுதுவோம். பருவம் என்று தனித்து நின்றால் வயதையோ மழையையோ குறிக்கும். ‘ஆட்டப்பருவம்’ என்றாவது வையுங்கள்.

செ. எழுதியது:

சமன் செய்த ஆட்டத்தையும் உள்ளடக்குவதில் ‘தோலா’வுக்குக் குறையில்லை. தோலாமை வேறு, வெல்லுதல் வேறு. ‘வெல்லற்கரிய’ என்று யாரும் போய்விடாதீர்கள். அது வெல்ல முடியாமையைச் சொல்வது. தோற்காத என்று பொருள்படும் ‘அபராஜித’ என்ற வடசொல்லும் வேண்டாம். அந்தப் பெயர் தாங்கிய பல்லவன் ஆதித்த சோழனிடம் தோற்றான்.

க. எழுதியது:

வாகையை விடுகிறேன். ஆனால் ‘முழுவெற்றி’யில் ஒரு சிக்கல். 1944-இல் ஆர்மி எடுத்த புள்ளிகள் 504, கொடுத்தவை 35. பிள்ளைகள் ‘முழுவெற்றி’ என்பதைப் புள்ளியே கொடுக்காத வெற்றி என்று எடுத்துக்கொண்டால்? ‘அனைத்துவெற்றி’ என்றால் ஐயமில்லை.

இ. எழுதியது:

‘அனைத்துவெற்றி’ நாக்கில் புரளவில்லை. விளக்கத்தில் ‘ஆடிய எல்லா ஆட்டத்திலும் வெற்றி’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கூடவே ஒரு குறிப்பும் வேண்டும்: 1996 முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் கூடுதல் நேரம் ஆடி முடிவு காண்கிறார்கள், சமன் கிடையாது. அதனால் இன்று இரண்டு சொல்லும் ஒரே பருவத்தைத்தான் குறிக்கும். இது இல்லாவிட்டால் ஆசிரியர்கள் ‘ஒன்றுக்கு எதற்கு இரண்டு சொல்’ என்று கேட்பார்கள்.

ந. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அச்சுக்குப் போவது: தோல்வியறியாப் பருவம், முழுவெற்றிப் பருவம், வெற்றியறியாப் பருவம். முதல் வருமிடத்தில் மட்டும் ஆட்டப்பருவம்; பிறகு பருவம். அட்டவணையில் வெ-தோ-ச. 1996 பற்றிய குறிப்பு அடியில்.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. 1958 அணியின் பில் கார்பென்டர், ஆட்டத்தின் நடுவே அடுத்த நகர்வுக்காக வீரர்கள் கூடிப் பேசும் வட்டத்துக்கு வரமாட்டார், தொலைவிலேயே நிற்பார். ‘லோன்சம் எண்ட்’ என்று பெயர். ‘தனியோரத்தார்’ சரியா?

ப. எழுதியது:

தனியோரத்தார் நன்று. வட்டத்துக்கு வராமலே அவருக்கு அடுத்த நகர்வு எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதுங்கள்: பந்தை வாங்கும் ஆட்ட நடத்துநர் ஜோ கால்டுவெல் கால்களை வைக்கும் விதத்தில் குறிப்புக் காட்டுவார்.

செ. எழுதியது:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. அடுத்த பதிப்பின் சொல்லடைவில் ‘தோலாப் பருவம்: தோல்வியறியாப் பருவம் காண்க’ என்று ஒரு வரியாவது சேருங்கள். தொலை, தோல் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.