புதுப்பிப்பு: எச்டி 650-க்குக் கேபிளா, காது மெத்தையா?

பல வருடம் உழைத்த சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போனில் பாட்டு நெரிசலாகக் கேட்கிறது, கேபிள் மாற்றினால் தெளியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "முதலில் காது மெத்தையை மாற்றுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. பழைய மெத்தை அமுங்கி, காது உள்துணியைத் தொட்டுக்கொண்டிருந்தது. புதிதைப் போட்டதும் இடைவெளி திரும்பிவிட்டது. குரலுக்குப் பின்னால் தம்புரா தனியாகப் பிரிந்து கேட்கிறது.

அப்புறம் 4.4 மிமீ பேலன்ஸ்டு கேபிளும் (இடது, வலது காதுக்குத் தனித்தனி இணைப்பு உள்ளது) வாங்கினேன். முதலில் அசத்தலாக இருந்தது. ஆனால் அந்த முனையில் ஆம்ப் (ஹெட்போனுக்குச் சிக்னலைப் பெருக்கித் தரும் கருவி) கூடுதல் வோல்டேஜ் தருகிறது; சத்தத்தைச் சமப்படுத்தியதும் வித்தியாசம் தெரியவில்லை. 300 ஓம் மின்மறுப்பு உள்ள இந்த ஹெட்போனுக்குக் கேபிளின் மிகச் சிறிய மின்தடை பொருட்டே இல்லை. எதிர்பாராத லாபம்: சட்டையில் உரசும் சத்தம் குறைந்தது.

கேபிளை ஹெட்போனில் செருகும்போது கவனம், அந்த முனையில் உள்ள இரண்டு முள்ளும் ஒரே தடிமன் இல்லை. துளையைப் பார்த்துச் செருகுங்கள்.