கிட்டார் பாடியில் பேக்டரி கோட்டிங் கழட்டணும், தின்னருக்கு அசையல

தண்டையார்பேட்டை:
ஸ்ட்ராட் மாடல் எலக்ட்ரிக் கிட்டார், பாஸ்வுட்ங்கற மெதுமரத்துல பாடி, பளபள கறுப்பு. சில்லு பேந்த இடத்துல பார்த்தா கோட்டிங் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கனம். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர், அசிட்டோன் ரெண்டுக்கும் மசியல. உப்புத்தாள் போட்டா தாள்தான் அடைச்சுக்குது. மரம் தெரியற மாதிரி ஆயில் ஃபினிஷ் வேணும். ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிக்க வழி சொல்லுங்கண்ணா.

பெரம்பூர்:
அசிட்டோனுக்கு மசியலன்னா அது பாலியஸ்டர் இல்லன்னா பாலியூரித்தேன் தம்பி. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரா இருந்தா பஞ்சு வச்சதுமே பிசுபிசுன்னு கரையும். இது ஹார்ட்னர் சேர்ந்து இறுகின சரக்கு, திரும்பக் கரையாது. சூடுதான் வழி.

முதல்ல பாடியில மாட்டியிருக்கற பாகம் எல்லாத்தையும் கழட்டுங்க. பின்பக்கம் ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்கற உலோகத் தகடுல (ஸ்பிரிங் கிளா) இருக்கற எர்த் ஒயரை சால்டர் எடுத்து விடுங்க, இழுத்து அறுக்காதீங்க. கிட்டார் கழுத்து உக்காரற குழி, அதாவது நெக் பாக்கெட்டுக்குள்ள கை வைக்க வேண்டாம். அங்க இருக்கற கோட்டிங் போனா நெக் லூஸாயிடும்.

ஹீட் கன் குறைஞ்ச சூட்டுல, அஞ்சு சென்டிமீட்டர் தள்ளிப் பிடிங்க. முதுகுப் பக்கத்து சமதளத்துல ஆரம்பிச்சு, உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் சுத்திச் சுத்திக் காட்டுங்க. பளபளப்பு மங்கி லேசா உப்பி வரும்போது பட்டி பிளேடைப் படுக்க வச்சுத் தள்ளணும். பிளேடு முனை ரெண்டையும் அரத்தால உருட்டிடுங்க. பாஸ்வுட்ல நகம் பட்டாலே பள்ளம் விழும். ஹீட் கன் காத்து பிளேடுக்கு ஒரு விரல் முன்னாடி போகட்டும். கழண்ட பட்டை ஆறினதும் அப்பளம் மாதிரி நொறுங்கும். புகை வந்தா சூடு அதிகம், உடனே கன்னைத் தள்ளிப் பிடிங்க.

கறுப்பு போனதும் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுடக் கூடாது. அடியில நிறமில்லாத சீலர் ஒண்ணு இருக்கும், கண்ணுக்கு மரம் மாதிரியே தெரியும். ஈரத்துணியால துடைச்சுப் பாருங்க. வெறும் மரம் கறுத்துக்கும், சீலர் இருக்கற இடம் அப்படியே இருக்கும். அதையும் சூடு காட்டிச் சுரண்டணும். விட்டுட்டா ஆயில் அங்க இறங்காது, திட்டுத் திட்டா நிக்கும்.

ராயபுரம்:
பாடியில கொம்பு மாதிரி நீட்டிட்டு இருக்கற ஹார்ன் முனையில ஜாக்கிரதை. மரம் மெலிசு, சூடு தேங்கி ஓரம் கருகிடும். கருகல் ஆழமா இறங்கினா தேய்ச்சு எடுக்கறதுக்குள்ள வடிவமே மாறிடும். அங்க சூட்டைக் குறைச்சு கார்டு ஸ்கிராப்பரால (சுரண்டற மெலிசான இரும்புத் தகடு) எடுங்க. ஹார்ன் உள்வளைவுக்கு பி.வி.சி. குழாய்த் துண்டுல உப்புத்தாள் சுத்தித் தேய்க்கலாம். 120, 180, 220 நம்பர்னு நார் ஓடற திசையிலயே போங்க. அமுங்கின பள்ளம் இருந்தா ஈரத்துணி வச்சு இஸ்திரிப் பெட்டி காட்டினா பெரும்பாலும் எழும்பிடும். நார் அறுந்திருந்தா எழும்பாது.

மெத்திலீன் குளோரைடு கலந்த பெயிண்ட் ரிமூவர் பக்கம் போகாதீங்க. மூடின ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. ஹீட் கன் வேலையையும் மொட்டை மாடியில, காத்துக்கு முதுகு காட்டாம பக்கவாட்டுல நின்னு பண்ணுங்க. என்95 தூசியைத்தான் தடுக்கும், புகைக்கு கார்பன் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேணும்.

வண்ணாரப்பேட்டை:
கழட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. கறுப்புக்கு அடியில பல துண்டு ஒட்டின மரமோ, பட்டி பூசின இடமோ இருக்கலாம். முன்பக்க பிளாஸ்டிக் தகடு (பிக்கார்டு) அடியில, ஸ்பிரிங் உக்காரற டிரெமோலோ குழி சுவர்ல ஒட்டுக்கோடு தெரியுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. பாஸ்வுட்ல பெரிசா ரேகையும் இருக்காது. பார்த்துட்டு மனசு நிறம் மாத்தினா போதும்னு சொன்னா, கழட்டவே வேணாம். 320 நம்பர்ல பளபளப்பு போற வரைக்கும் தேய்ச்சு, அது மேலயே 2கே பி.யூ. (ஹார்ட்னர் கலந்து அடிக்கற பாலியூரித்தேன் பெயிண்ட்) அடிக்கலாம். பழைய பாலியஸ்டரை விட நல்ல அடித்தளம் கிடையாது.

தண்டையார்பேட்டை:
டார்ச் அடிச்சுப் பார்த்தேன், மூணு துண்டு, நார் ஒரே சீரா ஓடுது. ஆயிலே போடறேன். கழட்டினதும் எத்தனை நாள் சும்மா வைக்கலாம்?

வண்ணாரப்பேட்டை:
நம்ம பக்கம் கடல் காத்துக்கு வெறும் மரத்தைச் சும்மா வைக்கவே வேணாம். 220 முடிச்ச அன்னைக்கே முதல் கோட் மெலிசா போட்டு, கால் மணி நேரத்துல மிச்சத்தைத் துடைச்சிடுங்க. மழை ஈரத்துல ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல கூடுதலா நாள் விடணும், கையில ஒட்டினா காயலன்னு அர்த்தம். ஆயில் துடைச்ச துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானா தீப்பிடிக்கும். தண்ணியில முக்கிட்டு, வெளியில விரிச்சுக் காயவிட்டு அப்புறம் குப்பையில போடுங்க.