தெருக்கதவும் ஜன்னலும் அலமாரியும்: எந்தத் தச்சரை அமர்த்துவது?

திருப்பாதிரிப்புலியூர்வாசி:

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் தாத்தா கட்டிய திண்ணை வீட்டில் மூன்று மரவேலைகள் காத்திருக்கின்றன. தெருக்கதவின் நிலைக்கால்களைக் கரையான் அடியில் அரித்திருக்கிறது. கூடத்து ஜன்னல் கதவுகள் ஐப்பசி பிறந்தால் மூட வருவதில்லை. படுக்கையறைக்குப் புதிதாக ஓர் அலமாரி வேண்டும். பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மரத்தை நாங்களே வாங்கித் தந்தால் நாட்கூலிக்குச் செய்து தருவதாகவும், நிலையைத் தட்டிப் பார்த்த பிறகே நாள் கணக்குச் சொல்ல முடியும் என்றும் கூறுகிறார். புதுச்சேரியில் பட்டறை வைத்திருக்கும் மற்றொருவர் மரம், கூலி, பாலீஷ் அனைத்துக்கும் சேர்த்து ஒரே தொகை சொல்லி, மூன்று வாரத்தில் முடிப்பதாக உறுதியளிக்கிறார். அவர் கைப்பேசியில் காட்டிய படங்கள் மிக அழகாக இருந்தன.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தோட்டத்தில் சாய்ந்த பலா மரங்களை அறுத்து, பலகைகளாகக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறோம். அவற்றைப் பயன்படுத்தலாமா? தச்சரிடம் என்ன கேட்டு முடிவு செய்வது?

மஞ்சக்குப்பம்:

படங்களை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். பாலீஷ் உலர்ந்த அன்று எடுத்த படத்தில் எந்தக் கதவும் குறையில்லாமல்தான் தெரியும். இரண்டு மழைக்காலங்களையாவது கண்ட வேலையைக் காட்டுமாறு இருவரிடமும் கேளுங்கள். முடிந்தால் கார்த்திகை மழையிலேயே சென்று பாருங்கள். சட்டங்கள் சேரும் மூலையில் விரிசல் விட்டிருக்கிறதா, கதவு கீலில் தொங்கிவிட்டதா என்று கவனியுங்கள். கதவின் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு இடங்களிலும் வண்ணமோ வார்னிஷோ பூசியிருந்தால், தண்ணீர் எங்கே ஏறும் என்பதை அறிந்த கை அங்கே வேலை செய்திருக்கிறது என்று நம்பலாம்.

ஒரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்: "கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் (பலகை செருக வெட்டிய பள்ளத்துக்குள்) எப்படிப் பொருத்துவீர்கள்?" மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை, அகலவாக்கில்தான் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். ஆகவே பலகையைப் பசை போட்டு இறுக்காமல், காடிக்குள் அசைய இடம் விட்டு நிறுத்த வேண்டும். இதைத் தாமாகவே சொல்பவரிடம் கதவை நம்பி ஒப்படைக்கலாம். "நன்றாகப் பசை போட்டு ஆணியும் அடித்துவிடுவேன்" என்பவர் செய்யும் பலகை முதல் கோடையிலேயே பிளக்கக்கூடும்.

மூன்று வேலைகளையும் ஒருவரிடமே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழைய நிலையைச் சீர்செய்வதும் பிளைவுட் அலமாரி செய்வதும் இன்று வெவ்வேறு கைத்திறன்கள். நிலையும் ஜன்னலும் பெரியவருக்கும், அலமாரி பட்டறைக்காரருக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மரவாடிக்காரர்:

பலாப் பலகைகளை அவசியம் பயன்படுத்துங்கள். தஞ்சாவூர் வீணைக்கே பலாவைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் நிழலில் காற்றாடக் கிடந்தவை என்றால் ஈரம் பற்றிய கவலை பெரிதாக இல்லை. ஆனால், வைரம் பாய்ந்த மஞ்சள் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்து வெள்ளையைத் தயங்காமல் கழித்துவிடுங்கள், ஏனெனில் பூச்சியும் கரையானும் முதலில் அங்கேதான் நுழையும். இந்தப் பலகைகளைப் பார்த்ததும் உங்கள் தச்சர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். முனையைச் சிறிது அறுத்துப் பார்த்து, வெள்ளை எது, வைரம் எது, முறுக்கு எங்கே என்று அவரே சுட்டிக் காட்டினால் மரம் அறிந்தவர்.

ஒரே தொகையாகச் சொல்லும் கணக்கில் மரத்தின் அளவு மறைந்துபோகும். 7 அடி உயரமும் 4 அடி அகலமும் உள்ள நிலைக்கு நான்கு பக்கமும் சேர்த்து 22 அடி மரம் வேண்டும். அதன் குறுக்களவு 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் என்றால் ஏறத்தாழ 3.67 கன அடி ஆகிறது. எந்த மரம், எத்தனை கன அடி, அறுப்புச் சேதாரம் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அலமாரிக்கு ஐ.எஸ்.303 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) தரப் பிளைவுட் போதும், ஐ.எஸ்.710 தரம் சமையலறைத் தொட்டியடி போன்ற ஈரமான இடங்களுக்கு உரியது. கடற்காற்று படும் ஊர் என்பதால் கீலும் திருகாணியும் பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும்.

முத்தியால்பேட்டை:

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். எனினும் நாட்கூலி என்று விட்டுவிட்டால், நல்ல தச்சராக இருந்தாலும் இடையில் வேறு வேலை வந்து உங்கள் வீடு பாதியில் நிற்க வாய்ப்புண்டு. நாட்கூலியைப் பழுதுபார்க்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அளவு தெளிவாக உள்ள புதிய வேலைக்குத் தொகை பேசுங்கள். அச்சாரம் சிறிதாக இருக்கட்டும். மரம் வந்ததும் ஒரு பகுதி, பூச்சுக்கு முன் வெறும் மரமாக இருக்கும்போது மூட்டுகளைப் பார்த்துவிட்டு ஒரு பகுதி, கதவை மாட்டித் திறந்து மூடிய பின் மீதி என்று எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. பூச்சுக்கு முன் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்; இடைவெளிகளில் மக்கு (நிரப்பும் பசை) அடைத்துப் பாலீஷ் ஏறிய பிறகு மூட்டின் தரத்தை எவராலும் சொல்ல முடியாது.

திருப்பாதிரிப்புலியூர்வாசி:

அனைவருக்கும் நன்றி. பட்டறைக்காரர் நிலை முழுவதையும் பெயர்த்துப் புதிதாக வைக்க வேண்டும் என்கிறார். மேற்பகுதியில் தாத்தா காலத்துச் செதுக்கு வேலை இருப்பதால் மனம் ஒப்பவில்லை. அரித்த பகுதியை மட்டும் மாற்ற முடியுமா? ஜன்னலை மழை தொடங்கும் முன் இழைத்துவிடலாமா?

மஞ்சக்குப்பம்:

உளி முனையால் நிலைக்காலை அடியிலிருந்து மேலே குத்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். உளி இறங்காமல் கெட்டியாக நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு சாண் வரை ஆரோக்கியமான மரம் இருந்தால், அங்கே சாய்வாக வெட்டி, அதே கனமுள்ள வைரப் பலாவை ஒட்டுப்போட்டு மரமுளை அடித்து நிறுத்தலாம். புதிய கால் தரையைத் தொடாமல் கருங்கல் துண்டின்மேல் நிற்கட்டும். கரையான் மருந்தை வேலைக்கு முன்பே மண்ணில் விட்டுவிடுங்கள். உளியால் குத்திப் பார்க்காமலேயே முழுவதும் மாற்ற வேண்டும் என்று சொல்பவரிடம் அந்த நிலையைக் கொடுக்காதீர்கள்.

ஜன்னலில் முதலில் கீல் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கதவு தொங்குவதால் இடிக்கிறது என்றால் கீலை இறுக்கினாலே போதும், இழைக்கத் தேவையில்லை. மரம் உப்புவதுதான் காரணம் என்றால், இந்த மழையில் எங்கே இடிக்கிறது என்று பென்சிலால் குறித்து வைத்து, தை மாசிக்குப் பிறகு மரம் உலர்ந்ததும் அந்தக் குறி வரை மட்டும் இழைத்து, இழைத்த விளிம்புக்கு அன்றே வார்னிஷ் பூசச் சொல்லுங்கள்.