சோதினை நாளில குளிசையை நிப்பாட்டலாமோ? (ஏ.டி.எச்.டி, பதகளிப்பு, உயர்தரம்)

நாலாங்கட்டை:
உயர்தரம் கிட்ட வந்தால் திருமலையில ரியூசன் வாசல் வழிய அடிக்கடி காதில விழுற கேள்வி இது. ஏ.டி.எச்.டிக்கு (கவனம் நிலைக்காத, துடுக்குக் கூடின கோளாறு) மெதைல்பெனிடேற் எண்ட மருந்து எடுக்கிற பிள்ளை நெஞ்சு படபடக்குதெண்டு சொன்னால், சோதினை நாளில மட்டும் குளிசையை விடலாமோ? விடலாம் எண்டுதான் நான் சொல்லுவன். அந்த மருந்து இதயத்துடிப்பைக் கூட்டும், பசியை அடக்கும், நித்திரையைக் குழப்பும். பதகளிப்பு செய்யிறதும் அதே மூண்டுதான். எரியிற அடுப்புக்கு ஏன் மண்ணெண்ணெய்?

மருந்துக்கட்டு:
அண்ணை, அடுப்புக் கதை நல்லாயிருக்கு, மருந்தியல்தான் இடிக்குது. படபடப்பு எதால வருதெண்டு முதல்ல பாருங்கோ. குறுகிய நேர மெதைல்பெனிடேற் அரை மணியிலயிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள பிடிக்கும், 3-4 மணித்தியாலத்தில இறங்கிடும். மருந்தால வாற படபடப்பு அந்தக் கணக்குக்குள்ளதான் நிக்கும். சும்மா ஒரு சனிக்கிழமை வீட்டில இருந்தாலும் வரும், மத்தியானம் அடங்கும். பதகளிப்புக்கு மணிக்கூடு தெரியாது. முதல்நாள் இரவே வரும், வினாத்தாள் கட்டைப் பிரிக்கிற சத்தத்துக்கு வரும், குளிசை போடாத நாளிலயும் வரும்.

ரெண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில எழுதுங்கோ: குளிசை போட்ட நேரம், ஒரு மணித்தியாலம் கழிச்சு நாடித்துடிப்பு, படபடப்பு வந்த நேரம், இரவு நித்திரை வந்த நேரம். கிளினிக்கில "பயமாயிருக்காம்" எண்டு சொல்லுறதை விட அந்தக் கொப்பியை நீட்டினால் டொக்டருக்குக் கெதியா விளங்கும்.

இன்னொண்டு. ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளையளில செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்த வகை மருந்து பதகளிப்பைச் சராசரியாக் கூட்டேல்லை, குறைச்சுத்தான் இருக்கு. சில பிள்ளையளுக்குக் கூட்டும். அதுவும் கொப்பியில பிடிபடும்.

நாலாங்கட்டை:
கொப்பி சரி. புள்ளி கூடுமோ? 2022ல வெளிவந்த புளோரிடா ஆய்வைப் பாருங்கோ. 7-12 வயதுப் பிள்ளையள் 173 பேர். மருந்தோட இருக்கேக்க கணக்கை வேகமாச் செய்தவை, வகுப்பில குழப்படி குறைஞ்சது. புதுசாப் படிச்சது மட்டும் கூடேல்லை. படிக்காத பாடத்தைக் குளிசை படிப்பிக்காது.

மூதூர் ரீச்சர்:
தம்பி, அதே ஆய்வில சோதினை அண்டைக்கு மருந்து எடுத்த பிள்ளையளுக்குப் புள்ளி கொஞ்சம் கூடினதையும் சொல்லியிருக்கலாமே. இஞ்ச கேள்வியே அந்த நாளைப் பற்றித்தான்.

2017ல சுவீடன் ஆய்வொண்டு வந்தது. பல்கலைக்கழக நுழைவுச் சோதினையைப் பல தரம் எழுதின 930 பேர். ஒரே ஆள் மருந்து எடுத்த காலத்தில எழுதினதையும் எடுக்காத காலத்தில எழுதினதையும் ஒப்பிட்டவை. 200 வரைக்கும் போற அளவில சராசரி 4.8 புள்ளி வித்தியாசம். சின்னன்தான். ஆனா பல்கலைக்கழக அனுமதிக்குப் பாக்கிற எங்கட இசட் புள்ளி நாலு தசமதானத்துக்குப் போகுது, மாவட்ட வெட்டுப்புள்ளியில ஆக்கள் நிக்கிறதும் விழுறதும் அங்கதான்.

நாலாங்கட்டை:
மருந்தை ஒழுங்கா எடுக்கிற காலத்தில ஆக்கள் மற்ற விசயத்திலயும் ஒழுங்காத்தான் இருப்பினம், ரீச்சர். அந்தப் புள்ளி முழுக்கக் குளிசைக்குச் சொந்தமில்லை.

மூதூர் ரீச்சர்:
அது ஒத்துக்கொள்ளக் கூடியதுதான். அதால சுவீடனை விட்டிட்டுப் பிள்ளையின்ர விடைத்தாளைப் பாப்பம், அதில நிறைய இருக்கு.

கடந்தகால வினாத்தாள் ஒண்டை உள்ள நேரத்துக்கே செய்விக்க வேணும். உயிரியல் பகுதி ஒண்டெண்டால் 50 வினா, 2 மணித்தியாலம், ஒரு வினாவுக்கு ரெண்டரை நிமிசமும் இல்லை. திருத்தேக்க எத்தினை பிழை எண்டு மட்டும் எண்ணாதேங்கோ, எந்த இடத்தில பிழை எண்டு பாருங்கோ. முதல் பத்துப் பதினைஞ்சு வினாவில, வீட்டில தெரிஞ்சதெல்லாம் வெறுமையாக் கிடந்தால் அது பதகளிப்பு. முப்பதாவதுக்குப் பிறகு "பிழையான கூற்று எது" எண்டதைச் "சரியான கூற்று" எண்டு வாசிச்சிருந்தால், 34க்குப் போட வேண்டிய புள்ளடி 35இல கிடந்தால், அது கவனம். மருந்து இறங்கிற நேரத்தோட அது பொருந்துதோ எண்டும் பாருங்கோ. முதலாவதுக்குக் குளிசையைக் கூட்டிப் பிரயோசனமில்லை. ரெண்டாவதுக்கு மூச்சுப் பயிற்சி காணாது.

மருந்துக்கட்டு:
ரீச்சர் சொன்னதோட நேரக்கணக்கையும் சேருங்கோ. பகுதி இரண்டு காலை 8.30க்குத் தொடங்கினால், மூண்டு மணித்தியாலமும் வாசிப்பு நேரம் 10 நிமிசமும் சேர்ந்து 11.40 ஆகும். ஆறு மணிக்கே குளிசை போட்ட பிள்ளைக்குக் கட்டுரை வினாக்குள்ள மருந்து இறங்கிடும். இறங்கேக்க சிலருக்கு எரிச்சல், அழுகை, அமைதியின்மை வரும். அந்த நேரம் பார்த்து வாசலில நாலு பேர் "மூண்டாவதுக்கு என்ன எழுதினனீ" எண்டு கேட்டால் பின்னேரப் பேப்பர் அதோட சரி. முதல் குளிசை எத்தினை மணிக்கு, பின்னேரத்துக்கு ரெண்டாவது வேணுமோ எண்டதை நேரசூசியைக் காட்டி டொக்டரிட்ட எழுதி வாங்குங்கோ. அதே நேரத்தில ரெண்டு மூண்டு மாதிரிச் சோதினை செய்து பாக்க வேணும். அளவு மாத்திறதெண்டால் சோதினைக்குக் கிழமைகளுக்கு முதல். அந்தக் கிழமையில இல்லவே இல்லை.

சாப்பாடு குளிசைக்கு முதல். இடியப்பம், பருப்பு, ஒரு முட்டை. மருந்து பிடிச்சாப்பிறகு பிள்ளை சாப்பிடாது. பதினொரு மணிக்குச் சீனி குறைஞ்சு வாற கைநடுக்கத்தைப் பதகளிப்பெண்டு எல்லாரும் நினைப்பினம். கோப்பி, எனர்ஜி டிரிங்க் வேண்டாம்.

கடற்கரைக்காத்து:
ப்ரோப்ரனோலோல் (இதயத்துடிப்பைக் குறைக்கிற குளிசை) ஒண்டு போட்டால் கைநடுக்கம், படபடப்பு நிக்குமெல்லோ? பெடியள் சிநேகிதன்ர ரிட்டலினையும் (அதுவும் மெதைல்பெனிடேற்தான்) வாங்கிப் போடுறாங்கள்.

மருந்துக்கட்டு:
ப்ரோப்ரனோலோல் படபடப்பை அடக்கும், சரி. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சுக்குழலைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகும். மெதைல்பெனிடேற்றோட சேர்க்கிறதும் டொக்டர் முடிவெடுக்க வேண்டிய விசயம். சிநேகிதன்ர குளிசைக்கு 2023 மெல்பேர்ண் ஆய்வே காணும். ஏ.டி.எச்.டி இல்லாத 40 பேருக்கு மெதைல்பெனிடேற் 30 மில்லிகிராம் போன்ற மருந்துகள் குடுத்துச் சிக்கலான கணக்குப் புதிர் செய்விச்சவை. கூடப் பாடுபட்டினம், விடையின்ர தரம் குறைஞ்சது.

நாலாங்கட்டை:
அதைத்தான் நானும் சொல்லுறன். பதகளிப்புக்குக் குளிசை பதிலில்லை. 2011ல சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வொண்டில, சோதினைக்குச் சற்று முதல் 10 நிமிசம் தங்கட பயத்தைத் தாளில எழுதின, கடுமையாப் பயப்பிடுற மாணவருக்குப் புள்ளி கூடினது. பேனையும் ஒற்றையும்தான் செலவு. நாலு செக்கன் மூச்சை எடுத்து ஆறு செக்கன் விடுறதை மாசக்கணக்காப் பழக்கினால் மண்டபத்தில கை குடுக்கும். நாள் இருந்தால் ஏ.டி.எச்.டிக்குக் குடுக்கிற வேற வகை மருந்தான அட்டொமொக்செற்றினைப் பற்றிக் கேட்டுப் பாக்கலாம். பதகளிப்பும் சேர்ந்திருக்கிற பிள்ளைக்கு அது பொருந்தும்.

மருந்துக்கட்டு:
எழுதிற வேலையும் மூச்சும் நூறுவீதம் சரி. அட்டொமொக்செற்றின் முழுசா வேலைசெய்ய 6-8 கிழமை எடுக்கும், சிலருக்குக் கூடவும். நவம்பர்ச் சோதினைக்கு ஒக்டோபர் கடைசியில மாத்தினால் பழைய மருந்தும் இல்லை, புது மருந்தும் பிடியாது.

நாலாங்கட்டை:
சரி, "சோதினை அண்டைக்கு விடலாம்" எண்டதை இப்பிடி மாத்துறன்: மாதிரிச் சோதினையில விட்டுப் பார்த்து, விடைத்தாள் அதைக் காட்டி, டொக்டரும் ஓமெண்டால் மட்டும் விடலாம்.

மூதூர் ரீச்சர்:
அதுக்கு மேல நானும் வாதாடேல்லை. ரெண்டு விசயம் மட்டும். மேலதிக நேரம் கேக்கிறதெண்டால் விண்ணப்பம் போடுற கட்டத்திலேயே மருத்துவ அறிக்கையோட அதிபரிட்டப் போங்கோ. அனுமதி அட்டை வந்தாப்பிறகு ஓடித் திரிஞ்சு வேலையில்லை.

மற்றது மழை. 2024 நவம்பர் கடைசியில உயர்தரம் நடுவில நிண்டு டிசம்பரிலதான் திரும்பத் தொடங்கினது. மெதைல்பெனிடேற் கட்டுப்பாட்டு மருந்து, நினைச்ச கடையில வாங்கேலாது. கடைசிப் பேப்பர் திகதிக்குக் கணக்குப் பார்த்துக் குளிசை எடுத்து வைச்சால், வெள்ளம் வந்து சோதினை தள்ளிப் போகேக்க பெட்டி காலியாயிருக்கும். கிளினிக் திகதியைச் சோதினைக்கு ஒரு மாசம் முதலே கேட்டு முன்னுக்கு எடுங்கோ.