தம்பிக்கு நந்தனத்தில் காலேஜ், தங்க எங்கே இடம் தேடுவது?

போளூர் அக்கா:
வணக்கம். தம்பிக்குச் சென்னை நந்தனம் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். சீட் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போகும் முதல் ஆள் அவன்தான். ஃபீஸ் பெரிய பாரமில்லை, தங்க இடம்தான் கவலை. போன வாரம் அப்பாவும் அவனும் சைதாப்பேட்டை பக்கம் மூன்று பி.ஜி. (மாதப் பணம் கட்டித் தங்கும் தனியார் விடுதி) பார்த்துவிட்டு வந்தார்கள். நான்கு பேர் படுக்கும் அறை, சாப்பாட்டோடு மாதம் 7,500, அட்வான்ஸ் 10,000, அதில் 2,000 திரும்ப வராதாம். அப்பா நெல் மூட்டை தூக்குகிறவர், 5,000க்கு மேல் எங்களால் முடியாது. இப்போது ஒரு இடத்திலிருந்து, இன்றைக்கே ஜிபேயில் 3,000 போட்டால்தான் கட்டில் பிடித்து வைப்போம் என்று போனில் நெருக்குகிறார்கள். போட்டுவிடலாமா?

விடுதியில் வளர்ந்தவன்:
அக்கா, அந்த 3,000ஐப் போடாதீர்கள். ஜூன், ஜூலையில் இப்படித்தான் அவசரப்படுத்துவார்கள், என் நண்பன் ஒருவன் அப்படிப் போட்ட பணம் கடைசிவரை வரவில்லை. அரசு விடுதிக்கு எழுதிப் போட்டீர்களா? நான் மூன்று வருஷமும் பிற்படுத்தப்பட்டோர் விடுதியில்தான் இருந்தேன், சாப்பாடு, தங்கல் இரண்டும் இலவசம். பி.சி., எம்.பி.சி. விடுதி என்றால் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது, வீடு காலேஜிலிருந்து 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், போளூருக்கு அதில் பிரச்சினையே இல்லை. (பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தூரக் கணக்கு கிடையாது, தங்கைக்காகத் தேடுகிறவர்கள் யாராவது படித்தால் கவனியுங்கள்.) ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குத் தனி விடுதிகள் உண்டு. 2025இல் எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்துவிட்டார்கள், அந்தப் பெயரிலும் விசாரியுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் இப்போதே இ-சேவை மையத்தில் போட்டு வையுங்கள், சேரும்போது கேட்பார்கள்.

வசதி சுமார்தான், மறைக்க மாட்டேன். எங்கள் விடுதியில் காலை ஐந்தரைக்கே குழாயடியில் வாளிகள் வரிசை கட்டி நிற்கும், ஒவ்வொரு வாளியிலும் பெயிண்டில் பெயர் எழுதியிருப்போம், ஆள் தூங்கினாலும் வாளி இடம் பிடித்திருக்கும். ஆனால் அரியரில் இருந்த பாடத்தை எனக்கு ராத்திரி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததும் அந்த வரிசையில் நின்ற அண்ணன்தான்.

சைதை வாசி:
விடுதியில் இடம் ஒதுக்கக் கொஞ்ச நாள் ஆகும், அதற்குள் வகுப்பு தொடங்கிவிடும். அந்த இடைவெளிக்கு மாத வாடகை இடம் போதும், பெரிய அட்வான்ஸ் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். விடுதி கிடைக்காவிட்டால் வகுப்பில் மூன்று நான்கு பையன்களாகச் சேர்ந்து ஒரு சின்ன போர்ஷன் எடுப்பதுதான் பி.ஜி.யைவிட மலிவு, சோறு மட்டும் பொங்கிக்கொண்டு குழம்பை வெளியே வாங்கினாலே செலவு பாதியாகும். வாடகை பேசும்போது கரண்ட்டை மறக்காமல் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும் ஓனரின் ஒரே மீட்டரிலிருந்து பிரித்துக் கொடுக்கும் வீடுகளில் அது நம் கைக்கு வராது, யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர்கள் ஒரு ரேட் வைத்திருப்பார்கள். குடி போகிற அன்றே நம் பங்குக்கு ஓனர் மாட்டியிருக்கும் சப்மீட்டரை போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம் அட்வான்ஸ்: 2017 வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகைதான் அளவு, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும். படித்துப் பார்த்துப் போடுங்கள்.

தாம்பரம் லைன்:
ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் வாடகை இன்னும் குறைவு. மாணவர் சீசன் டிக்கெட் எடுத்தால் ரயில் செலவு ரொம்பக் குறைவு, சைதாப்பேட்டையில் இறங்கினால் காலேஜ் பக்கம்தான்.

சைதை வாசி:
முதல் வருஷப் பையனை அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. காலை ஷிஃப்ட்டா மதியமா என்று பாருங்கள். மதிய ஷிஃப்ட் என்றால் ராத்திரி ரயிலில் நின்றுகொண்டே வந்து, எப்போது சாப்பிட்டு எப்போது படிப்பான்?

போளூர் அக்கா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பணம் போடவில்லை, இனி போன் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பிக்குக் காலை ஷிஃப்ட்தானாம். நாளைக்குச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் போகிறோம். விடுதி வரும்வரை தங்க, திருவல்லிக்கேணி மேன்ஷனில் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் தன் அறையில் பாய் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் தம்பிக்குப் படித்துக் காட்டினேன், வாளியில் பெயர் எழுத இப்போதே பெயிண்ட் கேட்கிறான்.