காஸ்பெர்சாக்கைப் போலந்து தேசிய அணி கடைசிவரை பயிற்சியாளராகக் கூப்பிடாதது சரியா?

ரவி_நடுகளம்:
1974 கால்பந்து உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பிடித்த போலந்து அணியில் நடுகளத்தில் ஆடியவர் ஹென்ரிக் காஸ்பெர்சாக். 1976 ஒலிம்பிக்கில் வெள்ளி. 1978-ல் பிரான்சின் மெட்ஸ் கிளப்புக்கு ஆடப் போய், அங்கேயே பயிற்சியாளராகி, 1984-ல் பிரெஞ்சுக் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ஐவரி கோஸ்ட், துனிசியா, மாலி, செனகல் என்று ஊர் ஊராகத் தேசிய அணிகள். சொந்த நாட்டு அணியை மட்டும் ஒரு நாள்கூட அவரிடம் கொடுக்கவில்லை. இது அநியாயம் என்பது என் கட்சி.

கணக்குப்பிள்ளை:
அநியாயம் எல்லாம் பெரிய வார்த்தை, ரவி. 1996 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் துனிசியாவோடு தோல்வி. 1998 உலகக் கோப்பையில் துனிசியா இங்கிலாந்திடமும் கொலம்பியாவிடமும் தோற்றதும், மூன்றாவது ஆட்டத்துக்கு முன்பே ஆளை அனுப்பிவிட்டார்கள். 2008-ல் செனகலைப் போட்டி நடுவிலேயே விட்டுவிட்டுப் போனார். எதை வைத்துக் கூப்பிடுவது?

ரவி_நடுகளம்:
1994 ஆப்பிரிக்கக் கோப்பையில் துனிசியா தன் சொந்த மண்ணிலேயே முதல் சுற்றோடு வெளியேறியது. அதே நாட்டை இரண்டே வருடத்தில் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனவர் இவர். எதிரே தென்னாப்பிரிக்கா, ஜொகனஸ்பர்க், மைதானத்தில் மண்டேலா. மாற்று ஆட்டக்காரராக வந்த மார்க் வில்லியம்ஸ் இரண்டு கோல் போட்டுவிட்டார். அந்த நாளில் அங்கே யார் போயிருந்தாலும் தோற்றிருப்பார்கள்.
1998-ல் குழுச் சுற்று முடியுமுன் வேலை இழந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் நாலு வருடம் முன்பு பிரேசிலுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த பரேய்ரா. அவரும் மட்டமா?

மெட்ஸ்_ரசிகன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். 1984 கோப்பை வென்றவர்கள் கோப்பையை (நாட்டுக் கோப்பை வென்ற ஐரோப்பியக் கிளப்புகளுக்கான போட்டி) யாரும் சொல்லவில்லையே! காஸ்பெர்சாக் அதற்குள் மெட்ஸை விட்டுப் போய்விட்டார்தான், ஆனால் அவர் வாங்கிக் கொடுத்த பிரெஞ்சுக் கோப்பையால்தான் அதில் ஆடவே முடிந்தது. சொந்த மைதானத்தில் பார்சிலோனாவிடம் 2-4 என்று தோற்றுவிட்டு அவர்கள் மைதானமான கேம்ப் நோவுக்குப் போனது மெட்ஸ். அங்கேயும் முதல் கோல் பார்சாவுக்கே. இனி தேறவேண்டுமென்றால் நாலு கோல் வேண்டும். நாலும் போட்டார்கள். டோனி குர்போஸ் மட்டும் மூன்று. அந்த சீசனில் ஸ்பெயின் லீக்கை வென்ற பார்சா அது, சும்மா இல்லை.

கணக்குப்பிள்ளை:
அடுத்த சுற்றிலேயே கிழக்கு ஜெர்மனியின் டைனமோ டிரெஸ்டன் அவர்களை வெளியேற்றியதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஐயா.

ரவி_நடுகளம்:
சரி, மெட்ஸை விடுங்கள், 2002-க்கு வாருங்கள். காஸ்பெர்சாக் போலந்துக் கிளப்பான விஸ்வா கிராகோவ் அணியோடு ஐரோப்பியக் கிளப்புகளின் யூஏஃபா கோப்பையில் ஆடினார். இத்தாலியின் பார்மாவிடம் 1-2 தோற்று, ஊருக்கு வந்து கூடுதல் நேரத்தில் 4-1. ஷால்கேவோடு வீட்டில் 1-1, ஜெர்மனிக்குப் போய் 4-1. லாட்சியோவோடு ரோமில் 3-3. கிராகோவில் 1-2 தோற்றுத்தான் நின்றார்கள். பயந்து பின்னால் உட்காராத ஆட்டம். அதே இலையுதிர் காலத்தில் போனியெக் பயிற்சியளித்த போலந்து தேசிய அணி வார்சாவில் லாட்வியாவிடம் தோற்றது. ஐந்தே ஆட்டத்தில் போனியெக் கிளம்பிவிட்டார். நாட்டிலேயே நன்றாக ஆடிக்கொண்டிருந்த அணியின் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, யானஸைக் கூப்பிட்டார்கள்!

கணக்குப்பிள்ளை:
யானஸ் 2006 உலகக் கோப்பைக்கு அணியைத் தகுதி பெறவைத்தார். அவருக்கு அடுத்து வந்த பேன்ஹாக்கர் போலந்தை முதன்முறையாக யூரோவுக்கே (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) கொண்டுபோனார். இரண்டு தேர்விலும் என்ன குறை? உங்கள் ஆளோ லீக் பட்டங்களை அள்ளினார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாம்பியன்ஸ் லீக் வாசலில், தகுதிச் சுற்றிலேயே, 2003-ல் ஆண்டர்லெக்டிடமும் 2004-ல் ரியல் மாட்ரிடிடமும் தோல்வி. பிறகு யூஏஃபா கோப்பையில் ஜார்ஜியாவின் டைனமோ திபிலிசியிடமே அடி. ரியலிடம் தோற்றதை மன்னிக்கலாம், திபிலிசியை எப்படி?

ரவி_நடுகளம்:
பேன்ஹாக்கரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. 2009-க்கு வருகிறேன். அப்போதைய போலந்துக் கால்பந்து சம்மேளனத் தலைவர் லாட்டோ, மியெலெட்ஸ் கிளப்பில் காஸ்பெர்சாக்கோடு ஒன்றாக ஆடியவர். அவரும் ஸ்முடாவைத்தான் பயிற்சியாளராக எடுத்தார். 2012 யூரோவில் சொந்த மண்ணில் குழுவில் கடைசி இடம்.

கணக்குப்பிள்ளை:
அதே 2009-ல்தானே காஸ்பெர்சாக்கின் கிளப்பான கோர்னிக் சாப்ஷே இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது? மே மாதம் அணியைக் கீழே இறக்கியவருக்கு அக்டோபரில் நாட்டு அணியா? லாட்டோ நட்புக்காகக் கொடுத்திருந்தால் நீங்களே முதலில் திட்டியிருப்பீர்கள்.

மெட்ஸ்_ரசிகன்:
2015 ஆப்பிரிக்கக் கோப்பைக் குழுச் சுற்றில் காஸ்பெர்சாக்கின் மாலி மூன்று ஆட்டமும் 1-1. கினியாவும் மூன்றும் 1-1. சீட்டுக் குலுக்கிப் போட்டு மாலியை வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த மனுஷனுக்கு ராசியே கிடையாது.

கணக்குப்பிள்ளை:
கினியாவோடான ஆட்டத்தில் மாலியின் சேடு கெய்ட்டா பெனால்டியைத் தவறவிட்டார். அது உள்ளே போயிருந்தால் குலுக்கலே வந்திருக்காது. ராசியாம் ராசி.

ரவி_நடுகளம்:
அந்தப் பெனால்டியை அடித்தது கெய்ட்டா, காஸ்பெர்சாக் இல்லை. இதையும் அவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.