கேரவனுக்குள் ஃபார்மால்டிஹைட் நெடி: வேலூர் பக்கம் உதவி தேவை

வணக்கம். காட்பாடியில் நிற்கும் 16 அடி இழுவை கேரவன். கதவைத் திறந்தாலே கண் எரிகிறது. அலமாரி, கட்டில் எல்லாம் யூரியா-ஃபார்மால்டிஹைட் பசை போட்டு மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை. அந்தப் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைட் வாயுதான் இந்த நெடி. வெட்டின ஓரங்களை யாரும் மூடவில்லை. நெடி அதிகம் கசிவது அங்கேதான். சூடும் ஈரப்பதமும் ஏற ஏறக் கூடும், நம்ம ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

கூரையில் 12 வோல்ட் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது. எதிர் மூலையில் தாழ்வாக ஒரு திறப்பும் வைத்தாச்சு. காற்று நுழைய வழியில்லாவிட்டால் ஃபேன் வீணாகத்தான் சுற்றும். ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே தயவுசெய்து வேண்டாம், மூச்சுக்கு இன்னும் கெடுதல். சாதாரண கரிப் பையும் இந்த வாயுவைச் சரியாகப் பிடிக்காது.

தேவை இதுதான்: இந்த வாயுவைப் பிடித்துச் சிதைக்கிற, பெர்மாங்கனேட் ஏற்றிய அலுமினா குருணை 2 கிலோ வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ சில்லறையில் கிடைக்குமா? உலக சுகாதார நிறுவன வரம்பு 30 நிமிட சராசரிக்கு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம். வண்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகத்தில் அளந்து தருபவர்கள் யார்? கையடக்க மீட்டர் சானிடைசர் ஆவிக்கே எகிறுகிறது, நம்ப முடியவில்லை. ஓரங்களை மூட ஷெல்லாக் (அரக்கு) பூச்சா, பாலியூரிதீன் வார்னிஷா? பூசிப் பார்த்தவர்கள் எத்தனை கோட் என்றும் சொல்லுங்க. குழந்தைகளும் படுக்கிற வண்டி.